செம்மறிக் குட்டிக்குத் தாது உப்பு: எடை, கறி, ஆபத்து – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீஞ்சூர், செங்குன்றம், திருப்போரூர், காட்டாங்குளத்தூர் என்று சென்னையைச் சுற்றிப் பத்து முதல் ஐம்பது குட்டி வரை கட்டி வளர்த்து, நகரத்துக் கறிக்கடைகளுக்குக் கொடுப்பவர்களுக்காக எழுதியது இது. இங்கே சொல்வதெல்லாம் செம்மறிக்கு. வெள்ளாட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். குறிப்பாகச் செம்பு விஷயத்தில் இரண்டும் ஒன்றல்ல.

தாது உப்புக் கலவை போட்டால் குட்டி சீக்கிரம் எடை ஏறுமா?

குறை இருந்த குட்டி ஏறும். குறை இல்லாத குட்டி ஏறாது.

தாது உப்பு என்பது கால்சியம், பாஸ்பரஸ், துத்தநாகம் போன்ற தாதுக்கள் கலந்த தூள். அதில் மாவுச்சத்தும் இல்லை, புரதமும் இல்லை. எடையைக் கூட்டுவது மக்காச்சோளமும் புண்ணாக்கும் தழையும்தான். தாது உப்பு குறைந்தால் அந்தத் தீவனம் உடம்பில் ஒட்டாமல் போகும். 'மெட்ராஸ் ரெட்' என்று சொல்லும் நம் பக்கத்துச் செம்மறிக் குட்டி பிறக்கும்போது இரண்டரை கிலோவை ஒட்டி இருக்கும். மேய்ச்சலை மட்டும் நம்பினால் ஒரு நாளைக்கு 50, 60 கிராம் ஏறுவதே பெரிது. அடர்தீவனமும் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது) பயறுவகைத் தழையும் சேர்ந்தால் 100 கிராமை இலக்காக வைக்கலாம். இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி தீவனத்தால் வருவது. தாது உப்பு அதற்குத் துணை நிற்கிறது. பை மேல் 'இரு மடங்கு வளர்ச்சி' என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பையைக் கீழே வைத்துவிடலாம்.

எடை ஏறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது குடற்புழு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழு பெருகும். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் வெளுத்துக் காகிதம் மாதிரி இருந்தாலோ, தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினாலோ, எத்தனை கிலோ தாது உப்பு வாங்கினாலும் அது புழுவுக்குத்தான் தீனி.

குட்டியைப் பார்த்தே எது குறை என்று சொல்ல முடியுமா?

ஓரளவுக்குச் சொல்லலாம், உறுதியாகச் சொல்ல ரத்தமோ கல்லீரலோ சோதிக்க வேண்டும். மண், சுவர், துணி, எலும்பு என்று கண்டதையெல்லாம் நக்கிக் கடித்தால் உப்போ பாஸ்பரஸோ போதவில்லை என்று சந்தேகிக்கலாம். மூக்கு, கண், குளம்பு ஓரங்களில் தோல் தடித்துச் செதில் விட்டு, முடி கொட்டினால் துத்தநாகம். நல்ல தழை முன்னால் இருந்தும் தின்னாமல், கண்ணில் நீர் வடிந்து, எலும்பும் தோலுமாக நிற்கும் குட்டிக்குக் கோபால்ட் போதாமல் இருக்கலாம். ஆனால் புழுவுக்கும் இதே கோலம்தான். பிறந்த குட்டிக்குக் கழுத்தில் வீக்கம், உடம்பில் முடி குறைவு என்றால் தாய்க்கு அயோடின் போதவில்லை. நன்றாக இருந்த குட்டி திடீரென்று விறைத்து நடந்து, பின்னங்கால் ஊன்ற முடியாமல் படுத்தால் செலினியம், வைட்டமின் ஈ குறைந்து சதை வெளுக்கும் நோயையும் மருத்துவர் கணக்கில் எடுப்பார்.

செம்பு குறைந்தால் குட்டி பின்பக்கம் ஆடி ஆடி நடக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் செம்பு வாங்கப் போக வேண்டாம். ஏன் என்பதைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

எவ்வளவு போட வேண்டும்? எப்படிக் கலப்பது?

குட்டிக்கு நாளொன்றுக்கு 5 கிராம், வளர்ந்த ஆட்டுக்கு 10 கிராம் என்பது பொதுவான அளவு. அடர்தீவனத்தோடு கலப்பதென்றால் 100 கிலோவுக்கு 2 கிலோ. குட்டி 250 கிராம் அடர்தீவனம் தின்றால் அந்த 5 கிராம் தானாக உள்ளே போய்விடும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் தவறு. மக்காச்சோளம் 45 கிலோ, கடலைப் புண்ணாக்கு 25, கோதுமைத் தவிடு 25 என்று எடுத்துக்கொள்ளுங்கள். தவிட்டில் பாஸ்பரஸ் ஒரு சதவீதத்துக்கு மேல். கால்சியமோ அதில் எட்டில் ஒரு பங்குதான். மூன்றையும் கூட்டினால் கலவையில் பாஸ்பரஸ் அரை கிலோவுக்கு மேல், கால்சியம் 100 கிராம் அளவு. குட்டிக்கு வேண்டியது கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு. நம் தீவனம் அப்படியே தலைகீழ். 2 கிலோ தாது உப்பில் கால்சியம் 23, பாஸ்பரஸ் 12 சதவீதம் இருக்கிறது என்று வைத்தாலும் அது நிமிராது, ஏனென்றால் அதோடு பாஸ்பரஸும் சேர்ந்தே வருகிறது. அதனால் தீவனத்தரச் சுண்ணாம்புத் தூள், அதாவது கால்சைட், 2 கிலோ தனியாகச் சேர்க்க வேண்டும். அதில் கால்சியம் ஏறத்தாழ 38 சதவீதம். உப்பு 1 கிலோ. மொத்தம் 100 கிலோ ஆகிவிட்டது. விகிதம் ஒன்றரைக்கு மேல் வந்துவிடும். மீதியை அகத்தி, வேலிமசால், சூபாபுல், கடலைக்கொடி பார்த்துக்கொள்ளும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு வேறு. அது வாயைப் புண்ணாக்கும்.

கலக்கும் முறை: 2 கிலோ தாது உப்பை நேராக 100 கிலோ குவியல் மேல் தூவாதீர்கள். முதலில் 5 கிலோ தவிட்டில் கையால் பிசிறிக் கலந்து, அதை மீதித் தவிட்டில் போட்டு, பிறகு முழுக் குவியலில் சேர்த்து மண்வெட்டியால் மூன்று முறை இடம் மாற்றிப் புரட்டுங்கள். கோபால்ட்டும் செலினியமும் அயோடினும் மில்லிகிராம் கணக்கில் உள்ளவை. சரியாகக் கலக்காவிட்டால் ஒரு குட்டிக்கு ஒன்றுமே கிடைக்காது, பக்கத்துக் குட்டிக்கு நாலு மடங்கு போகும். தூள் அடியில் தங்கினால் கொஞ்சம் வெல்லப்பாகு தெளியுங்கள். சென்னை ஈரக் காற்றில் பிரித்த பை கட்டி தட்டும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, இரண்டு மாதத்தில் தீரும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

வீட்டில் மாட்டுக்கு வாங்கிய கலவை இருக்கிறது. அதையே போடலாமா?

போடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

செம்மறியின் கல்லீரல் செம்பைச் சேர்த்து வைக்கும். மாடு மாதிரி எளிதில் வெளியேற்றாது. மொத்தத் தீவனத்தின் உலர் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராமைச் செம்மறி தாங்கும் உச்ச வரம்பாகக் கொள்கிறார்கள். செம்பு உடம்பில் சேராமல் தடுக்கும் மாலிப்டினம் குறைவாக உள்ள தீவனத்தில் அதற்குக் கீழேயே ஆபத்து தொடங்கிவிடும். இப்போது கணக்குப் போடுவோம். மாட்டுக் கலவைப் பையில் செம்பு 0.1 சதவீதம் என்று இருந்தால், 2 சதவீதம் கலக்கும்போது ஒரு கிலோ அடர்தீவனத்தில் 20 மில்லிகிராம் செம்பு ஏறுகிறது. புண்ணாக்கிலும் தவிட்டிலும் ஏற்கெனவே 8 அளவுக்கு இருக்கும். ஆக 28. குட்டி 300 கிராம் அடர்தீவனமும் உலர் எடையில் 500 கிராம் தழையும் தின்றால், தழையிலுள்ள செம்பும் சேர்ந்து மொத்தத்தில் கிலோவுக்கு 15ஐத் தொட்டு நிற்கும். விற்பதற்கு முன் கொழுக்க வைக்கிறேன் என்று அடர்தீவனத்தை 600 கிராமாக்கித் தழையைக் குறைத்தால் 20ஐத் தாண்டும்.

இதில் கொடுமை, வாரக்கணக்கில் ஒன்றுமே தெரியாது. குட்டி தின்னும், ஓடும், எடை ஏறும். ஒருநாள் லாரியில் ஏற்றுவீர்கள், அல்லது மழையில் நனையும், அல்லது ஒருவேளை பட்டினி கிடக்கும். அந்த அதிர்ச்சியில் கல்லீரல் சேமித்த செம்பையெல்லாம் ரத்தத்தில் கொட்டும். ரத்த அணுக்கள் உடையும். கண் மஞ்சளாகும், சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் வரும், ஓரிரு நாளில் குட்டி போய்விடும். அறுத்துப் பார்த்தால் உடல் முழுக்க மஞ்சள், சிறுநீரகம் கருநீலம். அந்தக் கறி விற்பனைக்கு ஆகாது. ஒரு குட்டிக்கு இப்படி வந்தால் மந்தையில் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம். உடனே கலவையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த மருந்தால் மீதிக் குட்டிகளைக் காப்பாற்ற வழி உண்டு. அதன் அளவை அவர்தான் சொல்ல வேண்டும்.

மாட்டுத் தீவனம், கோழித் தீவனம், பன்றித் தீவனம், மாட்டுக்கான நக்கு கட்டி, குளம்புக்கு வைத்த மயில்துத்தத் தண்ணீர், புழுவுக்கென்று கொடுக்கும் செம்பு மாத்திரை என எல்லா வழியிலும் செம்பு வரும். பையில் 'செம்மறிக்கு' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'ஆடுகளுக்கு' என்று மொட்டையாக இருந்தால் செம்பின் அளவைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் வளாகம் காட்டாங்குளத்தூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எந்தக் கலவை ஏற்றது என்று அங்கே போய்க் கேட்கலாம்.

பக்ரீத்துக்கு வளர்க்கும் கிடா சிறுநீர் போக முக்குகிறது. தாது உப்பால் வந்ததா?

தாது உப்பு இருந்ததால் அல்ல, கால்சியமும் பாஸ்பரஸும் தலைகீழாக இருந்ததால். மேலே சொன்ன தவிட்டுக் கணக்குதான். விலை நன்றாக வரட்டும் என்று கடைசி இரண்டு மாதம் தவிடும் சோளமும் அள்ளிப் போடுவார்கள். மிஞ்சிய பாஸ்பரஸ் மெக்னீசியத்தோடு சேர்ந்து சிறுநீரில் மணல்போலப் படியும். பெட்டைக்கு வழி அகலம், வெளியே போய்விடும். கிடாவுக்குக் குழாய் நீளம். நுனியில் புழுப்போல் நீட்டியிருக்கும் இடத்தில் அடைத்துக்கொள்ளும். மிகச் சின்ன வயதில் காயடித்த கிடாவுக்குக் குழாய் அகலாததால் இது இன்னும் அதிகம்.

முதுகைக் கூனி முக்குவது, வாலை ஆட்டிக்கொண்டே இருப்பது, சொட்டுச் சொட்டாக வருவது, ஆண்குறி உறை முடியில் வெள்ளைப் பொடி ஒட்டியிருப்பது ஆகியவை அறிகுறிகள். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டி ஒரு நாளை வீணாக்குகிறார்கள். அந்த ஒரு நாளில் சிறுநீர்ப்பை வெடித்துவிடலாம். அடர்தீவனத்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது.

வராமல் தடுக்க: கால்சைட்டை விடாதீர்கள். தவிட்டைக் கால் பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். நிழலில் சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். வெந்நீர் மாதிரிச் சுடும் தொட்டித் தண்ணீரை ஆடு குடிக்காது. அடர்தீவனம் அதிகம் தின்னும் கிடாவுக்கு அமோனியம் குளோரைடு மொத்தத் தீவனத்தில் அரை சதவீதம் சேர்ப்பதுண்டு. கசக்கும், வெல்லப்பாகோடு கொடுத்தால் தின்னும்.

உப்புக் கட்டி தொங்கவிட்டால் போதாதா?

வளர்ந்த ஆட்டுக்கு உபயோகம். குட்டியை நம்ப முடியாது. ஒன்று நக்கிக்கொண்டே இருக்கும், இன்னொன்று திரும்பிக்கூடப் பார்க்காது. கட்டி தொங்குவதால் கலவை போடுவதை நிறுத்தாதீர்கள்.

எந்த வயதில் தொடங்கலாம்?

தாயின் வயிற்றிலேயே. சினை ஆட்டுக்குக் கடைசி ஆறு வாரமும், பால் கொடுக்கும் காலம் முழுதும் தாது உப்பு போக வேண்டும். அயோடினும் செலினியமும் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போகின்றன. குட்டி பிறந்து 15 நாளில் தீவனத்தைக் கடித்துப் பார்க்கும். அப்போது தாய் நுழைய முடியாத தடுப்புக்குள் தொடக்கத் தீவனம் வையுங்கள், கலவை அதிலேயே இருக்கட்டும். கோபால்ட் வேலை செய்வது முதல் இரைப்பை நுண்ணுயிர்கள் அதை வைட்டமின் பி12 ஆக மாற்றிய பிறகுதான். அதனால் பால்குட்டிக்குக் கோபால்ட் தண்ணீர் புகட்டுவதில் பயனில்லை. சங்கடமான காலம் பால் மறக்கடிக்கும் மூன்றாம் மாதம். பாலிலிருந்து வந்த தாதுக்கள் நின்றுபோய், தீவனம் இன்னும் பழகாமல், எடை அங்கேதான் நிற்கும்.

கோயம்பேடு காய்கறிக் கழிவு, கோ-4 புல், வைக்கோல் போடுகிறோம். இவற்றுக்குத் தனிக் கணக்கு உண்டா?

உண்டு. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலைகளில் தைராய்டு சுரப்பியை அயோடின் எடுக்கவிடாமல் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. மிஞ்சினால் ரத்தசோகையும் வரும். உலர் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், சினை ஆட்டுக்கு அதிலும் குறைவு. கோ-4 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லிலும் வைக்கோலிலும் ஆக்சலேட் இருக்கிறது. அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். புல் பச்சைப் பசேல் என்று இருக்கும், கால்சியம் குட்டிக்கு எட்டாது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்காவது பயறுவகைத் தழையோ மரத்தழையோ சேருங்கள்.

எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. அப்படியும் உப்பு சேர்க்கணுமா?

மீஞ்சூர் பக்கம் கடல்நீர் உள்ளே வந்த கிணறுகள் பல. அந்தத் தண்ணீர் குடிக்கும் குட்டி உப்புக் கட்டியைத் தொடாது. தீவனத்தில் உப்பு கூடினால் தீவனத்தையும் ஒதுக்கும். தண்ணீரைச் சோதித்துவிட்டு உப்பை அரை கிலோவாகக் குறையுங்கள். உப்பைக் குறைக்கலாமே தவிர, தாது உப்புக் கலவையைக் குறைக்கக் கூடாது. உப்பு வேறு, தாது உப்பு வேறு.

ரத்தம் ஊற இரும்பு டானிக் கொடுத்தால் கறி சிவப்பாக வருமா?

வராது. கறியின் சிவப்பு மையோகுளோபின் என்ற நிறமியால் வருவது. ஆட்டின் வயதும் நடமாட்டமும் கூடினால் அது கூடும். மேயும் குட்டிக்கு மண்ணிலும் தழையிலுமே இரும்பு தாராளம்.

தாது உப்பு போட்டு வளர்த்த குட்டியின் கறி மென்மையாக, ருசியாக இருக்குமா?

இதில்தான் விளம்பரமும் உண்மையும் அதிகம் விலகி நிற்கின்றன.

கறியை மிருதுவாக்கும் நொதிகளுக்குக் கால்சியம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் தீவனத்தில் கால்சியம் கொட்டினால் சதையில் கால்சியம் கூடிவிடாது; உடல் தன் ரத்தக் கால்சியத்தைக் குறுகிய அளவுக்குள் கட்டி வைத்திருக்கிறது. செலினியம் கூட்டினால் கறியில் செலினியம் கூடும், மென்மை கூடாது. நிறம் கெடாமல் காப்பதில் நிஜமான வேலை செய்வது தாது அல்ல, வைட்டமின் ஈ. பசுந்தழை தினமும் தின்னும் குட்டிக்கு அது இயல்பாகவே கிடைக்கும். வைக்கோலும் தானியமுமாக வளர்ந்த குட்டியின் கறிதான் குளிர்பெட்டித் தட்டில் சீக்கிரம் பழுப்பேறும். விடிகாலையில் அறுத்து மதியத்துக்குள் குழம்பாகிவிடும் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு இந்தக் கவலையே கிடையாது. பெரிய கடைகளுக்குப் பொட்டலமாகக் கொடுப்பவர்களுக்கு உண்டு.

சதைக்கு உயிருள்ளபோது அமில கார அளவு (pH) 7ஐ ஒட்டி இருக்கும். அறுத்த பின் சதையிலுள்ள சர்க்கரைச் சேமிப்பு அமிலமாக மாறி அது 5.5 முதல் 5.8 வரை இறங்க வேண்டும். குட்டி ராத்திரி முழுக்க வண்டியில் நின்று, பயந்து, பட்டினியாக ஆட்டுத்தொட்டிக்கு (அறுப்புக்கூடத்துக்கு) வந்தால் அந்தச் சேமிப்பு தீர்ந்திருக்கும். அளவு 6க்கு மேலேயே நின்று, கறி கருத்து, ஒட்டும் பதத்தில், சீக்கிரம் கெடும். மூன்று மாதம் போட்ட தாது உப்பை ஓர் இரவு அழித்துவிடும். இறக்கிய பின் தண்ணீரும் ஓய்வும் கொடுங்கள், அடிக்காதீர்கள். அறுப்புக்கு முந்தைய சில நாள் மெக்னீசியம் கொடுத்தால் பதற்றம் குறைந்து சர்க்கரைச் சேமிப்பு காப்பாற்றப்படலாம் என்று ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. அது நல்ல கையாளுதலுக்கு மாற்று ஆகாது.

கறி ரப்பர் மாதிரி இருக்கிறது என்ற புகாரில் பாதி, அறுத்த பின் சதையில் வரும் விறைப்பு விடுவதற்குள் அடுப்பில் ஏற்றியதால் வருவது. அறுத்த கறியைச் சில மணி நேரம் வெளியே மூடி வைத்து, பிறகு குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்துச் சமைத்தால் அதே குட்டி வேறு குட்டி போலிருக்கும். அறுத்த சூட்டோடு உறைய வைத்தால் சதை சுருங்கி இன்னும் கடினமாகும்.

செம்மறி வாடைக்கும் தாது உப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அது கொழுப்பிலுள்ள சில அமிலங்களால், வயது முதிர்ந்த கிடாவில் அதிகம். ஒரு விதிவிலக்கு: தானியம் மிகுந்து கோபால்ட் குறைந்தால் கொழுப்பு கட்டியாகாமல் கொழகொழவென்று இருக்கும்.

'கிலேட்டட்' என்று இரண்டு மடங்கு விலையில் விற்கிறார்களே?

புரதத்தோடு பிணைத்த தாது அது. சாதாரண வடிவத்தில் போதுமான அளவு கொடுத்துக்கொண்டிருந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. தண்ணீரிலோ மண்ணிலோ கந்தகமும் இரும்பும் மிகுந்து மற்றத் தாதுக்களைத் தடுக்கும் இடத்தில் பயன்படலாம்.

இந்தக் கறியைச் சாப்பிடுபவர்களுக்கு ஏதாவது ஆகுமா?

சரியான அளவில் கொடுத்த தாது உப்புக்கு, ஆன்டிபயாடிக் மாதிரி, விற்பதற்கு முன் நிறுத்தும் நாள் கணக்கு இல்லை. கவனிக்க வேண்டியது மலிவான மூலப்பொருள். உரக்கடையில் கிடைக்கும் ராக் பாஸ்பேட்டில் ஃபுளோரைடு மிகுதி. தரமில்லாத துத்தநாக உப்பில் காட்மியமும் ஈயமும் கலந்து வரலாம். காட்மியமும் ஈயமும் போய்ச் சேரும் இடம் ஈரலும் சிறுநீரகமும். சுவரொட்டியும் (மண்ணீரல்) ஈரலும் குழந்தைக்கு வாங்குகிற ஊர் இது. தீவனத்தரம் என்று முத்திரை உள்ளதை மட்டும் வாங்குங்கள்.

போடுகிற காசுக்குப் பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே வயது, ஒரே பால், ஒத்த எடை உள்ள 20 குட்டியைப் புழு நீக்கி, காதில் எண் போட்டு, பத்துப் பத்தாகப் பிரியுங்கள். ஒரே தீவனம், ஒரே தண்ணீர். கால்சைட் இரண்டுக்கும் உண்டு. தாது உப்புக் கலவை ஒன்றுக்கு மட்டும். 15 நாளுக்கு ஒருமுறை காலையில் தீவனமும் தண்ணீரும் வைப்பதற்கு முன் தொங்கு தராசில் சாக்குத் தொட்டில் கட்டி நிறுங்கள். வயிறு நிரம்பிய பிறகு நிறுத்தால் ஒரு கிலோ பொய் சொல்லும். 90 நாள் பாருங்கள். 30 நாளில் ஒன்றும் தெரியாது.

கணக்கு எளிது. கலவை கிலோ 100 ரூபாய் என்றால் 5 கிராம் 50 காசு, 90 நாளுக்கு 45 ரூபாய். உயிர் எடை கிலோ 400 ரூபாய்க்குப் போகிறது என்றால் கூடுதலாக 115 கிராம் ஏறினாலே போட்ட காசு வந்துவிட்டது. அதைவிடக் குறைவாக ஏறியிருந்தால் உங்கள் தழையிலேயே தாது போதுமான அளவு இருக்கிறது. அடுத்த தொகுதிக்குக் கால்சைட்டும் உப்பும் மட்டும் போட்டு, கலவையைத் தாய் ஆடுகளுக்கும் பால் மறக்கும் மாதத்துக்கும் ஒதுக்குங்கள்.